களிமண் கொல்லையில் காய்கறி: கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்து மன்னார்குடிக்கு வாக்கப்பட்டு வந்த தங்கச்சி ஒருவர் கேட்கிறார்: வீட்டுக்குப் பின்னால் 3 சென்ட் கொல்லை இருக்கிறது. இரண்டு வருஷமாக ஆடியில் விதைக்கிறேன், ஐப்பசி மழையில் எல்லாம் அழுகிவிடுகிறது. பங்குனியில் நட்ட தக்காளி பூவோடு நின்றுபோனது. மாசியில் ஊன்றிய அவரை பந்தல் முழுக்க இலையாக மூடியதே தவிர ஒரு பூ இல்லை. சுரைப்பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது. கத்தரிச்செடி பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் தலைதொங்கிச் செத்தது. அம்மா வீட்டில் எதை ஊன்றினாலும் வரும், இங்கே எனக்குக் கைராசி இல்லை என்கிறார்கள், விட்டுவிடலாமா?

விட வேண்டாம்மா. நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாகக் கொல்லையில் காய்கறி போடுகிறேன், நீங்கள் சொன்ன ஐந்தும் எனக்கும் நடந்தவைதான். ஐந்தில் மூன்று பருவம் தப்பியதால் வந்தது, ஒன்று மகரந்தம் சேராததால் வந்தது, ஒன்று மண்ணில் இருக்கும் நோய். கைராசி என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

முதலில் இந்த ஆடி விஷயம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பொய்யில்லை, ஆனால் அதை உங்கள் ஊரில் செய்கிற மாதிரி இங்கே செய்ய முடியாது. கோவைப் பக்கம் ஆண்டுக்கு மொத்தமே 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதுவும் இரண்டு பருவத்துக்கும் பிரிந்து பெய்யும். இங்கே ஆயிரத்தைத் தாண்டும், அதில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அப்போது வாய்க்காலும் நிறைந்து, சம்பா வயலும் நிறைந்து, பூமிக்கடியில் தண்ணீர் மேலே ஏறி நிற்கும், கொல்லையில் பெய்கிற தண்ணீருக்குப் போக இடமே இருக்காது. இப்போது கத்தரியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆடியில் விதை, நாற்று ஒரு மாதம், ஆவணியில் நடவு, நட்டு ஐம்பது அறுபது நாளில் காய்ப்பு. சரியாக ஐப்பசி. அதாவது நீங்கள் மூன்று மாதம் பாடுபட்டு வளர்த்த செடியின் முதல் பூவை அடைமழையின் வாயில் கொண்டுபோய் வைக்கிறீர்கள்.

அதனால் இங்கே ஆடியில் போட வேண்டியது மழைக்கு முன்னால் கொடுத்துவிட்டுப் போகிற காய். வெண்டை போட்டால் 45 நாளில் பறிக்கத் தொடங்கிவிடலாம், கொத்தவரையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி முழுக்கப் பறித்துவிட்டால் ஐப்பசியில் செடி செத்தாலும் வருத்தமில்லை. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றுக்கும் கார்த்திகைக் கடைசியில் தாழ்வாரத்து ஓரத்திலோ தகரத்துக்கு அடியிலோ தட்டில் நாற்று விட்டு, மார்கழியில் மழை ஓய்ந்ததும் நடுங்கள். அந்தப் பனியும் இளவெயிலும் அவற்றுக்கு ஆகி வரும், மாசியிலிருந்து பங்குனி வரை காய் வரும். தக்காளிக்கு இது இன்னும் முக்கியம். பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவிலும் 25க்குக் கீழே இறங்காமல் புழுங்கினால் அதன் மகரந்தம் வேலை செய்யாது, பூ காம்போடு உதிரும். உங்கள் பங்குனி நடவு பூத்தது சித்திரை வெயிலில். என்ன உரம் வைத்திருந்தாலும் அது பிடித்திருக்காது. சித்திரை வைகாசிக்கு வெண்டை, கீரை, புடல், பாகல், வெள்ளரி என்று வெயில் தாங்குகிறவையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மண். இங்கே பிறந்தவர்கள் இதைச் சொல்லித்தர மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இதைத் தவிர வேறு மண் தெரியாது. ஈர மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். முறுக்குப் பிழிந்த மாதிரி உடையாமல் நீளமாக வந்தால் அது சுத்தக் களி. நெல்லுக்கு அருமையான மண், தண்ணீரை விடாது. தண்ணீரை விடாததுதான் காய்கறிக்கு எமன், வேருக்கு மூச்சுவிடக் காற்று இருக்காது. இன்னொரு சோதனையும் செய்யுங்கள். மழை விட்டு ஒரு வாரம் கழித்து ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, சாயங்காலம் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுங்கள். காலையில் குழியில் தண்ணீர் நின்றால், அந்த இடத்தில் தரைமட்டத்தில் எதையும் நடாதீர்கள்.

இதற்குப் பலரும் மணல் கலக்கச் சொல்வார்கள். நானும் முதல் வருஷம் கலந்தேன், நாலு கூடை மணல் அந்தக் களிமண்ணில் போன இடம் தெரியவில்லை, கோடையில் செங்கல் மாதிரி இறுகியதுதான் மிச்சம். எருவும் மேடும்தான் வழி. மேட்டுப்பாத்தி ஒன்றரை அடி உயரம், மூன்றடி அகலம் இருக்கட்டும், இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், மேலே ஏறி மிதிக்கக் கூடாது. அடியில் வெட்டிய வாழைமரத்தைப் பிளந்து போட்டு, அதன்மேல் வைக்கோல், சருகு, மட்கிய எரு, கடைசியில் மேல்மண். பாத்திகளுக்கு நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வடிகால் எடுத்து, அந்த வடிகால் கொல்லையைவிட்டு வெளியே போகும்படி வாட்டம் பாருங்கள். நிறைய பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள், பாத்தியை உயர்த்திவிட்டு வடிகாலைக் கொல்லைக்குள்ளேயே முடித்துவிடுவார்கள், அது குட்டையாகிவிடும். முதல் வருஷம் பாத்தி அரை அடி இறங்கும், பயப்படாதீர்கள், அடுத்த வருஷம் மறுபடி எரு போட்டு ஏற்றினால் மூன்றாம் வருஷம் விரலாலேயே நாற்றுக்குக் குழி போடலாம். நான் அந்த மூன்றாம் வருஷ மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அதே கொல்லை, அதே களி, ஆனால் கறுத்துப் பொலபொலவென்று உதிர்ந்தது, உள்ளே மண்புழு.

எருவைப் பற்றி ஒன்று. பச்சைச் சாணியைக் கொண்டுவந்து செடியடியில் கொட்டாதீர்கள், சூடு கிளம்பும், வெள்ளைப்புழு வந்து வேரைத் தின்னும். நிழலில் குவித்து, மூன்று நான்கு மாதம் மட்கி வாசனையே இல்லாமல் ஆன பிறகு போடுங்கள். சம்பா அறுத்த பிறகு ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கிடை ஆடு ஓட்டிக்கொண்டு வருவார்கள், வயலில் கிடை போட்டிருக்கும் இடத்தில் வயல்காரரிடமும் ஆடு மேய்க்கும் கீதாரியிடமும் கேட்டு நாலு சாக்கு புழுக்கை வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு ஈடு நான் வேறு எதையும் பார்க்கவில்லை. கோடையில் மண் பாளம் பாளமாக வெடிப்பதற்கு, மண்ணை வைக்கோலால் மூடிவைக்கிற மூடாக்குதான் மருந்து. நம்ம தஞ்சாவூர் மாவட்டத்து இளங்காட்டில் பிறந்த இயற்கை விவசாயத்து நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்னது அது. டெல்டாவில் வைக்கோலுக்கா பஞ்சம்? ஆனால் ஐப்பசியில் மூடாக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நத்தை அத்தனையும் அதற்கடியில் குடியேறிவிடும். அந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தையை வெறும் கையால் தொட வேண்டாம், பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளியில் போடுங்கள். உப்பை மண்ணில் தூவாதீர்கள்.

இப்போது உங்கள் அவரை. பந்தல் அவரைக்கு நாள் குறுக வேண்டும். பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் அது பூக்கும். ஆடியில் ஊன்றினால் ஐப்பசி வரை கொடி ஓடி, கார்த்திகையில் பூவெடுத்து, மார்கழி தையில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மாசியில் ஊன்றினாலும் அதே கார்த்திகைக்குத்தான் பூக்கும், நடுவில் உள்ள ஒன்பது மாதமும் இலைதான். அதைப் பிடுங்கிப் போட்டிருந்தால் போகட்டும், இல்லை இன்னும் நிற்கிறது என்றால் எருவை நிறுத்திவிட்டு, நுனியைக் கிள்ளிவிட்டுக் காத்திருங்கள், பூக்கும். வருஷம் முழுக்க வேண்டும் என்றால் குத்து அவரை போடுங்கள், அதற்கு நாள் கணக்கு இல்லை. ருசியில் பந்தல் அவரைக்குப் பக்கத்தில் அது வராது என்பது என் அபிப்பிராயம்.

சுரைக்கு வருவோம். பிஞ்சு மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்துப் பூச்சி என்று மருந்தடித்திருப்பீர்கள். பெரும்பாலும் பூச்சி இல்லை. சுரையில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண்பூ மட்டும்தான் வரும், அது உதிரத்தான் வேண்டும். பெண்பூவுக்கு அடியிலேயே குட்டிச் சுரைக்காய் ஒன்று மென்மயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஆண்பூவுக்கு வெறும் நீளக் காம்பு. சுரைப்பூ பொழுது சாய்கிற நேரத்தில் விரிகிறது, இரவில் வருகிற அந்துப்பூச்சிதான் மகரந்தம் சேர்க்கும், வீடு நெருக்கமான இடத்தில் விளக்கு வெளிச்சத்தில் அது வருவதே குறைந்துவிட்டது. அதனால் நாமே சேர்க்க வேண்டியதுதான். ஆறு, ஆறரை மணிக்குக் கொடிக்குப் போங்கள். அப்போது விரிந்த ஓர் ஆண்பூவைக் காம்போடு கிள்ளி, வெள்ளை இதழைப் பின்னால் மடக்கிவிட்டால் நடுவில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும் தண்டு தெரியும். அதைப் பெண்பூவின் நடுவில் மூன்றாகப் பிரிந்து பிசுபிசுப்பாக இருக்கும் இடத்தில் மெதுவாகச் சுற்றித் தடவுங்கள், அழுத்த வேண்டாம். எது சேர்த்தது என்று தெரிய ஒரு நூல் கட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பளபளவென்று ஆகி, காம்பு கனத்துத் தொங்கினால் பிடித்துவிட்டது. பீர்க்கும் சாயங்காலம்தான். பரங்கி அதிகாலை, விடியுமுன் விரிந்து எட்டு ஒன்பது மணிக்கெல்லாம் வாடிவிடும், எழுந்து காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்றால் நடக்காது. பாகலுக்குக் காலையில் தேனீ வரும், அதற்கு நம் உதவி தேவையில்லை, பழ ஈ குத்தாமல் பிஞ்சைக் காகிதத்தில் சுற்றிவிட்டால் போதும்.

என் எட்டு வயதுப் பேத்திதான் இப்போது எங்கள் வீட்டில் இந்த வேலை பார்க்கிறாள். சிவப்பு நூல் கட்டிய காய் எல்லாம் அவளுடையது, அதை அறுக்க அவளிடம் கேட்க வேண்டும்.

கத்தரி விஷயம் கொஞ்சம் கடினம். தலைதொங்குவதில் இரண்டு விதம் உண்டு. நுனிக்குருத்து மட்டும் தொங்கி மற்ற இலை எல்லாம் நன்றாக இருந்தால் அது தண்டுத் துளைப்பான். தொங்குகிற இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளிப் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்புப் புழு ஒன்று இருக்கும், சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இருபது முப்பது செடிக்கு இதைத் தினமும் காலையில் செய்தால் மருந்தே வேண்டாம். ஆனால் நீங்கள் சொல்வது செடி முழுக்க, பச்சையாக இருக்கும்போதே. அது வாடல் நோய், மண்ணில் இருக்கும் பாக்டீரியா. உறுதிப்படுத்த வேண்டுமா, செத்த செடியின் அடித்தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுனை மட்டும் நனையும்படி பிடியுங்கள். சில நிமிஷத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று இறங்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது, நாற்பது செடி, எல்லாம் முதல் காய் விடும் பருவம், பத்து நாளுக்குள் ஒன்று மிச்சமில்லை.

இதற்கு மருந்து கிடையாது. எவராவது விற்றால் வாங்காதீர்கள். செடியை வேரோடு எடுத்துக் கொல்லைக்கு வெளியே எரித்துவிட்டு, அந்தப் பாத்தியில் இரண்டு மூன்று வருஷம் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் போடாமல் கீரையோ வெண்டையோ போடுங்கள். கத்தரி இல்லாமல் முடியாது என்றால் சுண்டைக்காய்ச் செடியை வேர்ச்செடியாக வைத்து ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று கிடைக்கிறது, சுண்டைக்கு இந்த நோய் எளிதில் வராது. நான் இரண்டு வருஷமாக அதில்தான் பறிக்கிறேன். மண் பரிசோதனை, நாற்று இதற்கெல்லாம் உங்களுக்குப் பக்கத்தில் நீடாமங்கலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, ஒருமுறை போய் வாருங்கள்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். அசுவினி, வெள்ளை ஈக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி. ஆனி ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது பொறுக்கிக் காயவைத்துக்கொண்டால் லிட்டருக்கு 50 கிராம் கொட்டையை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி அடிக்கலாம், காசே இல்லை. வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளானால் அந்தச் செடியை யோசிக்காமல் பிடுங்குங்கள். தக்காளியின் அடி கறுத்துப் போனால் முட்டை ஓட்டைத் தேடி ஓட வேண்டாம், அது மட்குவதற்குள் செடி முடிந்துவிடும், தண்ணீரை ஒரு நாள் வெள்ளமாகவும் நாலு நாள் வறட்சியாகவும் விடாமல் சீராக விடுங்கள். கீரை விதையை எறும்பு தூக்கிக்கொண்டு போனால் மணலோடு கொஞ்சம் ரவை கலந்து தூவுங்கள், எறும்பு ரவையை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புத்தண்ணீர் போர் உள்ளவர்கள் இதைப் படித்தால், அவரை பீன்ஸை விட்டுவிட்டுப் பீட்ரூட், பாலக் மாதிரி உப்பு தாங்குகிறவையாகப் பாருங்கள்.

இத்தனையும் செய்தாலும் ஒரு வருஷம் எல்லாம் போகும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது எங்கள் கொல்லையில் பந்தல் படுத்தது, முருங்கை மூன்றும் முறிந்தன, பத்து வருஷமாக எருப்போட்டு வளர்த்த பாத்திமேல் தென்னை விழுந்து கிடந்தது. அன்றைக்கு எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்து, அந்த முறிந்த முருங்கைக் கிளையையே நாலடிக்கு வெட்டி மேட்டில் ஊன்றினோம். கரண்டு இன்னும் வரவில்லை, சந்தை கூடவில்லை. மார்கழி பிறப்பதற்குள் பாத்தி ஓரத்தில் தானாக முளைத்த அரைக்கீரையும் மணத்தக்காளியும்தான் எங்களுக்கும் பக்கத்து இரண்டு வீட்டுக்கும் குழம்பு.

லாபமா என்று கேட்டால், கத்தரி தக்காளியில் இல்லை. தக்காளிச் செடி ஒன்று இரண்டு கிலோ கொடுத்தால் எனக்கு அது நல்ல வருஷம், அந்தச் சமயத்தில் சந்தையிலும் விலை குறைந்துதான் கிடக்கும். கீரை, முருங்கை, கறிவேப்பிலை, பச்சைமிளகாய், சுரை, புடல் இவற்றில் கண்டிப்பாகக் காசு மிச்சம். ஆனால் கொல்லை எனக்குத் தருவது கடையில் விற்காத காய். விதை முற்றாத அவரைப்பிஞ்சு, நுனியில் கல் கட்டி நேராக இறக்கிய நெய்ப்புடல், பறித்து அரை மணி நேரத்துக்குள் ரசவாங்கியில் விழுகிற கத்தரி, கிணற்றடியில் தானாகக் கிடக்கும் சேம்பு. திருவாதிரைக் களிக்கு ஏழுகறிக் குழம்பு வைக்கிறோம் அல்லவா, போன மார்கழியில் அவரை, கத்தரி, பரங்கி, சேம்பு, வாழை, கொத்தவரை என்று ஆறு காய் கொல்லையிலிருந்தே எடுத்தேன், சர்க்கரைவள்ளி மட்டும் கடையில் வாங்கினேன். கோயிலுக்குப் போய்வந்து அந்தக் குழம்பை ஊற்றும்போது என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் காலையில் சர்க்கரைவள்ளிக் கொடி நாலு துண்டு எங்கிருந்தோ வாங்கிவந்து பாத்தியில் ஊன்றிக்கொண்டிருந்தார்.

இப்போது கார்த்திகை நடக்கிறது. இந்த மாதம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், மழை பெய்யும்போது குடையோடு கொல்லைக்குப் போய்த் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து நாலு குச்சி நட்டு வையுங்கள். மழை விட்டதும் அந்தக் குச்சிக்கணக்கில் வடிகால் எடுங்கள். நாற்றுத் தட்டைத் தாழ்வாரத்தில் இப்போதே வைத்துவிடலாம்.

அவரை விதையை மட்டும் வெளியே வாங்காதீர்கள். உங்கள் மாமியார் அந்தக் கொல்லையில் முப்பது நாற்பது வருஷம் இருந்திருப்பார், அங்கே முன்னால் என்ன காய்த்தது, தண்ணீர் ஏறாத மூலை எது என்று அவருக்குத்தான் தெரியும். பரங்கி விதையைச் சாணியில் பொதிந்து சுவரில் அப்பி வைத்த தலைமுறை அது, அடுக்களைப் பரணில் சாம்பல் கலந்த அவரை விதை ஒரு துணிமுடிச்சில் இன்னும் இருந்தாலும் இருக்கும். ஆடி பிறக்கும் முன் அதை எடுத்துத் தரச் சொல்லி, எந்த இடத்தில் ஊன்றட்டும் அத்தை என்று அவரிடமே கேளுங்கள்.